வினைச்சொல்

மேடையின் விளிம்பில் ஒரு மரப்பெட்டி.
இடுப்புவரை தரைக்குக் கீழே,
கழுத்துவரை வெளிச்சத்துக்குக் கீழே
அதற்குள் நான்.
ஸ்விக்காவ் நகரத்து ரசிகர்களுக்குத் தெரிவது
பெட்டியின் கூன் மட்டும்.

முந்திச் சொல்வது என் வேலை.
பாடகர் வாய் திறக்க அரைத் தாளம் இருக்கையில்
அவருடைய சொல்லை அவருக்கே எறிவது.
இருபத்தியோராவது வருடம் இது.
பிறர் மறதியில் பிழைப்பவள்.

இந்த மாதம் வேதாகமக் காலம்.
ஒட்டுப்பலகையில் மூன்று மலைகள்,
மூன்றாவதன் பின்னால் தீயணைப்பு வாளி.
போருக்குப் புறப்படும் தளபதி
கடவுளிடம் பேரம் பேசுகிறான்:
வென்று திரும்பினால்
என் வீட்டு வாசலில் முதலில் எது எதிரே வருகிறதோ
அதை உமக்கு

ஆடு வரும் என்று நினைத்திருப்பான். நாயாவது.
வருவது மகள், தம்புருவைத் தட்டிக்கொண்டு.
அவளுக்குப் பெயர் கிடையாது.
வேதத்திலும் இல்லை, இசைக்குறிப்பேட்டிலும் இல்லை.
'மகள், சொப்ரானோ' என்று மட்டும்.
பாடுகிறவளுக்கு உண்டு: விப்கே.
இடைவேளையில் யூகலிப்டஸ் மிட்டாய் கடிப்பாள்.

ஜெர்மன் மொழிக்கு ஒரு குணம்.
யார், யாருக்கு, எதை, எந்த வாசலில்
எல்லாம் வந்து அமர்ந்தபின்
கதவைச் சாத்துவது போல வரும் வினை.
அதுவரை
அந்த வாக்கியம் யாரையும் கொல்வதில்லை.

ஒவ்வோர் இரவும் அந்தச் சொல்லை
முதலில் சொல்வது தளபதி அல்ல.
நான்.

நேற்று, வியாழன்.
ஹார்ட்முட் லைபோல்டுக்கு வலது காதில் சளி.
வாசல்வரை வந்துவிட்டார்.
'அதை உமக்கு' வரை வந்துவிட்டார்.
நின்றார்.
அவர் கண் என் பெட்டிக்குள் இறங்கியது,
கயிறு அறுந்த வாளி போல.

சொல் என் நாக்கில் இருந்தது.
பல்லுக்குப் பின்னால், ஈரமாக.
நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஏன் என்று நிர்வாகி கேட்டால்
சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.
மூன்றாம் மலைக்குப் பின்னால்
விப்கேயின் செருப்பு வார் அவிழ்ந்திருந்தது,
குனிந்து கட்டிக்கொண்டிருந்தாள்,
அவ்வளவுதான் பார்த்தேன்.

கொம்புகள் மூச்சை இழுத்துப் பிடித்தன.
ஹார்ட்முட் வாய்க்குள் துழாவி
அளவு பொருந்திய வேறொரு சொல்லை எடுத்தார்:
காப்பேன்.

எதிரே வருவதை உமக்காகக் காப்பேன்.
அதே சுரம். அதே உச்சம். அதே முரசு.

பிறகு என்ன ஆயிற்று?
ஒன்றும் ஆகவில்லை.
கதவு திறந்தது, தம்புரு வந்தது.
தளபதி தன் அங்கியைக் கிழித்தான்
(தினமும் கிழிய, தினமும் ஒட்ட ஒரு பட்டி இருக்கிறது).
மலைகளில் அழ அவள் இரண்டு மாதம் கேட்டாள்.
கொடுத்தான்.
போனவள் ஓடிப்போயிருக்கலாம். திரும்பி வந்தாள்.
காப்பேன் என்றவனின் கத்தி
பாஸ் கிளாரினெட்டின் தாளில்
நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
மையாகக் காய்ந்திருந்தது எப்போதோ.

மூன்றாம் வரிசையில் ஒருத்தி
வழக்கமான இடத்தில் கைக்குட்டையை எடுத்தாள்.
ஏழு முறை திரை உயர்ந்தது.
ஒருவர்கூடக் கேட்கவில்லை.
வினைவரை யார் காத்திருக்கிறார்கள்?
வாசல் என்றதுமே
கொலை புரிந்துவிடுகிறது.

கேன்டீனில் உருளைக்கிழங்கு சூப்.
ஹார்ட்முட் கிண்ணத்தோடு எதிரே உட்கார்ந்தார்.
"எங்கே போயிருந்தீர்கள், ரோஸ்விதா?"
"இங்கேதான்."
அவர் மிளகுத்தூளை நகர்த்தினார்,
தூவிக்கொள்ளவில்லை.

கழுத்துச் சிவப்பை டிஷ்யூவில் துடைத்தபடி
விப்கே வந்தாள்.
"கடைசி ட்ராம் எத்தனை மணிக்கு"

பத்து நாற்பது, என்றேன்
அவள் முடிப்பதற்குள்.